தொண்டைக்கு ஒரு நேர்த்தி

என் தொண்டைக்கு அப்போது இரண்டு தொழில். விடியற்காலையில் கற்பிட்டிக் கரையில் மீன் ஏலம் கூறுவது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஹெவி மெட்டல் பாடுவது மற்றது. இரண்டாவதைச் சொன்னவுடன் ஆட்கள் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். "அது பாட்டா, பண்டி வெட்டுற சத்தமா?" என்று கேட்பார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அவர்களுடைய காதுக்குள்ளேயே பாடிக் காட்ட வேண்டும் போலிருக்கும். ஓரிருவருக்குக் காட்டியும் இருக்கிறேன். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கோப்பையைக் கீழே போட்டுவிட்டார். கடைக்காரர் என்னைத்தான் ஏசினார்.

சும்மா கத்துவது வேறு, உறுமுவது வேறு ஐயா. உறுமுகிறவன் தொண்டையை இறுக்கினால் இரண்டாவது பாட்டிலேயே படுத்துவிடுவான். மூச்சு அடிவயிற்றிலிருந்து எழும்ப வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கக்கூடாது, தோள் அசையக்கூடாது. முகம் மட்டும் எவ்வளவு கோணலாகவும் போகலாம், அதற்குத் தடையில்லை. இதைப் பழக எனக்கு நான்கு வருடம் பிடித்தது. சொல்லித்தர ஆள் இல்லை. களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் வழுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களில் ஒருவன், எங்கள் த்ரீவீலில் ஏறியபோது ஒரு பென் ட்ரைவை விட்டுவிட்டுப் போனான். அதைப் போட்டுக் கேட்ட அன்று எனக்குப் பதினேழு வயது. முதல் பாட்டு முடியும்போது என் கை மயிர் எல்லாம் எழும்பி நின்றது. இப்படியும் ஒரு மனிதன் சத்தம் போடலாமா, போட்டால் அதற்குக் கைதட்டவும் ஆட்கள் இருக்கிறார்களா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த நாளே அப்பாவோடு போட்டில் கடலுக்குப் போகையில் என்ஜின் சத்தத்தின் மறைவில் நானும் உறுமிப் பார்த்தேன். பின்னால் சுக்கான் பிடித்திருந்த அப்பா, "என்னடா, வயித்தைப் பிரட்டுதோ? குனிஞ்சு எடு, போட்டுக்குள்ள எடுக்காத" என்றார்.

பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவன் தில்லையடிக்காரன். பகலில் ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் விற்பான். கிட்டார் வாசிக்கிறவன் சிலாபத்துச் சிங்களவன், போன் திருத்துகிறவன், எங்களைவிட நன்றாகத் தமிழில் தூஷணம் பேசுவான். பாவிக்காமல் விட்ட ஐஸ் பக்டரி ஒன்றின் பின்னறையில் பயிற்சி. பத்து வருடமாக நாங்கள் மூன்று பேரும் அங்கேதான். எங்கள் பாட்டுகளில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மண்ணெண்ணெய் வரிசை, கரண்ட் பில், களப்பில் செத்து மிதந்த மீன், இவைதான். சிலாபத்தில், நீர்கொழும்பில், ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் பாடியிருக்கிறோம். அந்தக் கலியாண வீட்டைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கோபம்.

அப்படி இருக்கையில்தான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய மெட்டல் குழு ஒன்று வருகிறதாம், திறந்த வெளியில் நிகழ்ச்சியாம், முதலில் மேடையேற உள்ளூர்க் குழு ஒன்று வேண்டுமாம். எங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். இருபது நிமிஷம் எங்களுக்கு! எனக்கு முப்பத்தாறு வயது. இனிமேல் இப்படி ஒரு அழைப்பு வராது என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு ஐஸ் பக்டரிக்குள் மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். தில்லையடிக்காரன் சுவரில் தலையை மோதிக்கொண்டான். வலித்ததாம், ஆனால் சிரிப்பு நிற்கவில்லையாம்.

அந்தச் சந்தோஷம்தான் என் தொண்டைக்கு யமன். இரவு பகல் என்று பார்க்காமல் பயிற்சி, விடிந்தால் ஏலம். ஏலம் என்றால் மைக் இல்லை. மீன் வாங்க வருகிற லொறிக்காரர் இருபது பேரின் கூச்சலுக்கு மேலே என் குரல் போக வேண்டும். ஒருநாள் காலை ஒரு பெரிய பாரை மீனுக்கு விலை கூறிக்கொண்டிருந்தேன். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. காற்று மட்டும் போகிறது. லொறிக்காரர்கள் நான் பகிடி விடுகிறேன் என்று சிரித்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா மூக்கு வழியாகக் கமெரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு சின்ன வீக்கம். என்ன வேலை என்று கேட்டார். சுரண்டுகிற குரலில் மீன் ஏலம் என்றேன், மெட்டல் என்றேன். மெட்டலைக் காட்டச் சொன்னார். வெட்கத்தோடு போனில் வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கி முழுப் பாட்டையும் பார்த்தார்.

"இதை நீங்க சரியாத்தான் செய்றீங்க" என்றார். "கழுத்தை இறுக்கல்ல. உங்கட தொண்டையைக் கெடுத்தது மீன்தான்."

படித்த ஒரு டொக்டர் என் உறுமலுக்குச் சேர்டிபிகேட் தந்துவிட்டார்! ஊரில் போய் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று இதைக் கூவ வேண்டும் போல இருந்தது. அடுத்த வசனத்திலேயே அவர் என் வாயை அடைத்துவிட்டார். மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, ஒரு சொல் கதைக்கக்கூடாது. இரகசியம் பேசுவது போலக் குசுகுசுக்கவும் கூடாது, அது இன்னும் கேடு. உறைப்பு, பொரியல், சாராயம், சிகரெட் ஒன்றும் ஆகாது.

"மூண்டு கிழமை முடிஞ்ச அண்டைக்கு மெல்லமாக் கதைச்சுப் பாருங்க. குரல் வந்தா நல்லது. காத்து மட்டும் வந்தா பாடப் போயிராதீங்க. பிறகு வெட்டத்தான் வேணும். வெட்டினா கதைப்பீங்க, ஆனா இந்தப் பாட்டுக்கு நான் பொறுப்பில்ல."

மூன்று கிழமை முடிகிற நாள் ஒரு சனிக்கிழமை. கொழும்பு நிகழ்ச்சியும் அதே சனிக்கிழமை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன், ஒரு நாள்கூட மிச்சம் வரவில்லை.

என் மனைவி விஷயத்தைக் கேட்டு முதலில் கண் கலங்கினாள். பிறகு யோசித்தாள். பிறகு அவளுடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "கலியாணம் கட்டி ஒம்பது வருஷம்" என்றாள். "இப்பதான் நான் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிச்சிருக்கிறன்." நான் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க முதல் அவள் குசினிக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடமாக நான் அவளுக்குச் செய்ததை அவள் மூன்று கிழமைக்குள் செய்து முடிக்கத் தீர்மானித்திருந்தாள்.

ஏலத்தை யார் கூறுவது என்று கேள்வி வந்தது. நான் கூறுகிறேன் என்றாள் அவள். அவள் முன்பள்ளி ரீச்சர். எட்டு மணிக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள், அதற்கு முதல் ஏலம் முடிந்துவிடும். அவளுடைய குரல் சமையலறையைத் தாண்டாதே என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். "பாப்பம்" என்றாள். அடுத்த நாள் விடிய மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள். லொறிக்காரர்கள் கச்சான் கடலை விற்கிறவர்களைப் போலக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்தாள். அரை நிமிஷம் அப்படியே பார்த்தாள். பிறகு சாதாரணக் குரலில், "எல்லாரும் வாயில விரல் வையுங்க" என்றாள். பெரிய பெரிய மீசைக்காரர்கள், ஒருவன் கையில் வாள் பச்சை குத்தியவன், வாயில் விரலை வைத்தார்கள்! நான் சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டேன்.

இனி நடந்த கூத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மாதா கோவிலில் செபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர் அவர். "என்ன தம்பி, கண்டும் காணாம போறீங்க? வாயில கொழுக்கட்டையோ?" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். புத்தளம் ஆஸ்பத்திரி என்று சொல்வதற்காகக் கையை அந்தத் திசையில் நீட்டினேன். எங்கள் வளவிலிருந்து பார்த்தால் புத்தளம் இருக்கிற திசையில்தான் கோவில் கோபுரமும் இருக்கிறது. மாமி என் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டே பார்வையை விட்டார். கோபுரத்தில் போய் நின்றது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே! நேர்த்தியா?" என்றார். "சரி சரி, ஒண்டும் சொல்லாத மகன். சொல்லக்கூடாது."

எங்கள் ஊரில் நேர்த்தி வைப்பது புதிதல்ல. மாதாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அது கிடைக்கும்வரை ஏதாவது ஒன்றை விட்டிருப்பார்கள். ஒருவர் சீனி விடுவார், ஒருவர் தலைமயிர் வெட்டமாட்டார். பேச்சை விட்டவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அதுவும் நான்! ஊரிலேயே பெரிய வாய்க்காரன்! குடிக்கிறான் இல்லை, புகைக்கிறான் இல்லை, மிளகாய் தொடுகிறான் இல்லை. பின்னேரம் ஆகும்போது மாமி ஊர் முழுக்க விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நேர்த்தி எதற்காக என்றும் அவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ஒரு மாதமாகக் கடலில் மீன் இல்லை. எண்ணெய் அடித்துப் போகிற போட்டுகள் வெறும் பெட்டியோடு வருகின்றன. அதற்காகத்தான் ஏலக்காரன் வாயைக் கட்டியிருக்கிறான் என்று முடிவு.

கொப்பியில் நான்கு வரி எழுதிக் காட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எழுதவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு அது நல்ல வசதியாக இருந்தது. முதல் இரண்டு நாளும் கண்டவன் எல்லாம், "ஒரு சொல்லுத்தானே, சும்மா சொல்லு" என்று என் விலாவில் குத்தினான். நேர்த்தி என்றதும் ஒருவரும் கிட்ட வரவில்லை. காலையில் இடியப்பமும் உறைப்பில்லாத பால் சொதியும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. தவறணைக்கு முன்னால் நான் நடந்தால் ஆண்கள் போத்தலைச் சாரத்துக்குள் மறைத்தார்கள். மனைவி மட்டும் முறைத்தாள். "நான் பொய் சொல்லமாட்டன்" என்றாள். "ஆரும் கேட்டாத்தானே சொல்லோணும், கேக்கினமில்லை" என்று சொல்லிக்கொண்டே அயல்வீட்டுச் சொதியை ஊற்றினாள்.

அதைவிடப் பெரிய கூத்து, ஆட்கள் தங்கள் குறைகளைக் கொண்டுவந்தது. வாயைக் கட்டியவனுடைய செபம் நேரே மேலே போகுமாம். ஒருவனுக்கு இத்தாலி விசா. ஒருத்திக்கு மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் பாஸ் பண்ண வேண்டும். கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்து அழுதார்கள். மற்ற நேரமென்றால் நடுவில் புகுந்து நான் ஒன்பது யோசனை சொல்லியிருப்பேன். இப்போது தலையாட்டத்தான் முடிந்தது. என்னைப் போல ஆறுதல் சொல்கிறவன் இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் கும்பளா மீன் வந்தது.

ஒரு போட்டுக்கு இரண்டு போட்டுக்கு அல்ல, போன எல்லாப் போட்டுக்கும். பெட்டி போதாமல் கூடை, கூடை போதாமல் சாக்கு. பெட்டிமேல் நின்ற என் மனைவியின் முழங்கால் வரை மீன். ஊர் கரையில் ஆடியது. எனக்கும் குதிக்க வேண்டும் போல இருந்தது, குதித்தேன், சத்தமில்லாமல். அப்போதுதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பகல் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். நான்கு போட்டுக்குச் சொந்தக்காரர். யாருக்கும் எழும்பி நிற்காத மனிதர். ஒரு அறுக்குளா மீனை எங்கள் மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். கோவில் திருநாள் முடியும்வரை வாயைத் திறந்திராத."

திருநாளுக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. கொழும்பு நிகழ்ச்சிக்குப் பதினொரு நாள். நான் கொப்பியைத் தேடினேன். கை நடுங்கியது. அவர் அதைக் கண்டுவிட்டு நான் மாதாவின் அருளால் நடுங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு முழுக்க மல்லாந்து கிடந்து யோசித்தேன். மேடையில் ஏறி உறுமினேன் என்று ஊருக்குத் தெரிந்தால்? வீடியோ அன்றைக்கே போனுக்குப் போனாகப் பறக்கும். பிறகு கடலில் மீன் குறைந்தால் என்னுடைய தலையில்தான் விடியும். ஏறாமல் விட்டால் பத்து வருடம் ஐஸ் பக்டரிக்குள் கிடந்ததெல்லாம் பாழ். ஏறினாலும் குரல் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்கவும் கூடாது!

தில்லையடிக்காரனுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மச்சான், இது சரிவராது" என்றான். "அந்தச் சனம் ஒனக்காக சோறு தண்ணி கொண்டு வருது. நீ பொய்ய வெச்சிக்கிட்டு ஈக்கிறாய். இதோட மேடையில ஏறினா தொண்ட தன்னால இறுகும். சொல்லிரு."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறவன் மேல் வருகிற கோபம்தான். அடுத்த நாள் பங்குச் சுவாமியிடம் கொப்பியைக் கொண்டுபோய் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். கோவில் தூணைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்தேன், பார்த்தால் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் சொல்லுறது" என்றார். வாயைக் காட்டினேன். "வாசிக்கிறதுக்கு உன்ர மனிசி இருக்கிறாவே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கு முன்னால் என் மனைவி கொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன். அவள் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். இது நேர்த்தி இல்லை, டொக்டரின் கட்டளை. நீங்கள் பிழையாக நினைத்தபோது நான் திருத்தவில்லை. சொதிக்காகவும் திருத்தவில்லை. வருகிற சனிக்கிழமை கொழும்பில் மெட்டல் பாடப் போகிறேன், அதற்காகத்தான் வாயைப் பூட்டினேன். என்னை மன்னியுங்கள். "சொதிக்காகவும்" என்ற இடத்தை அவள் வேண்டுமென்றே இரண்டு தரம் வாசித்தாள்.

சம்மாட்டியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அப்போது முன் வாங்கிலிருந்து மாமி எழும்பினார்.

"அந்த டொக்டரிட வாயால சொல்ல வைச்சது ஆர்?" என்று கேட்டார்.

மாதாவின் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பிக்குத் தெரியாம மாதா அவனை வைச்சு நேர்த்தி செய்விச்சிருக்கிறா. இதுக்குப்போய் மன்னிப்பாம்! விசர்ப் பெடியன்."

ஓம் ஓம் என்று வாங்குக்கு வாங்கு சத்தம் எழும்பியது. நான் இரண்டு கையையும் ஆட்டி, இல்லை இல்லை என்று காட்டினேன். யார் பார்த்தார்கள்! அங்கேயே, என் கண் முன்னாலேயே, எனக்குத் தெரியாமல் நான் வைத்த நேர்த்தியை எப்படி முடிப்பது என்று கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். சம்மாட்டி மட்டும் திருநாள்வரை நீட்டலாமே என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் இருந்துவிட்டார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நேர்த்தி முடிகிறபோது விட்டிருந்ததை முதலில் மாதாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். சீனி விட்டவர் முதல் கரண்டியைப் பீடத்தில் வைப்பார். அப்படியானால் என்னுடைய முதல் சொல் கோவிலுக்குள் சொல்லப்பட வேண்டும். நேர்த்தி முடிக்கிறவனை அன்று முழுக்கத் தனியே விடுவதும் இல்லை. கொழும்பு என்றால் கொழும்பு. பஸ் பிடிப்பது என்று தீர்மானமாயிற்று.

சனிக்கிழமை விடிய ஆறு மணிக்குக் கோவில் நிறைந்துவிட்டது. வெளியே பஸ், மேலே மடித்துக் கட்டிய பாய்கள், சட்டி நிறைய மீன் கட்லட். கிட்டார்காரனும் தில்லையடிக்காரனும் பின்வரிசையில் கறுப்பு டீசேர்ட்டோடு நின்றார்கள். நான் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு மாதாவின் முன்னால் நின்றேன். மூன்று கிழமையாக ஒரு முனகல்கூட வெளியே விடாத தொண்டை. காற்று மட்டும் வந்தால் பாடப் போகாதே என்று டொக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

மறுபடியும் திறந்தேன். மறுபடியும் காற்று, நடுவில் ஏதோ கிறுக்கென்று உரசியது. முடிந்தது கதை, பத்து வருடமும் போயிற்று என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி தன்னுடைய கையை வயிற்றில் வைத்துக் காட்டினாள். ஒன்பது வருடமாக நான் வீட்டில் பயிற்சி எடுப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பாடமாகியிருந்தது. நான் கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன், மேடைக்குப் போக முன்னமே! தோளை இறக்கினேன். தாடையைத் தளர்த்தினேன். மூச்சை அடிவயிற்றுக்கு அனுப்பினேன், உறுமுவதற்கு எடுப்பது போலவே. பிறகு அதை மெல்ல விட்டேன்.

"நன்றி" என்று வந்தது.

சின்னக் குரல். என்னுடையதுதான், சுரண்டல் இல்லாமல், சுத்தமாக. கோவில் கூரை வரை போனது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டருக்காகச் சொன்னேனா, மாதாவுக்காகச் சொன்னேனா, அயல்வீட்டுச் சொதிக்காகச் சொன்னேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று கிழமையும் பொய்யாக இருந்த நேர்த்தியை அந்த ஒரு சொல்லில் நான் மனசறிந்து முடித்தேன். கோவிலே கைதட்டியது. மாமி மூக்கைச் சிந்தினார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, என்ர நிம்மதி இண்டையோட போச்சு" என்றாள்.

கொழும்பில் பின்னேரம் நாலரைக்கு எங்கள் முறை. வெயில் நெருப்பாகக் காய்ந்தது. மேடையிலிருந்து பார்த்தால் ஒரே கறுப்பு டீசேர்ட், நீளத் தலைமயிர், அதற்கு நடுவில் முன்வரிசையில் வெள்ளை முக்காட்டோடு எங்கள் ஊர்ப் பெண்கள், கையில் செபமாலை. பெடியன்கள் அவர்களுக்குக் கதிரை தேடிக் கொடுத்திருந்தார்கள். மாமி பக்கத்தில் நின்ற, மூக்கில் வளையம் குத்திய பிள்ளைக்கு மீன் கட்லட் நீட்டிக்கொண்டிருந்தார். தில்லையடிக்காரன் நான்கு தட்டுத் தட்டினான். நான் அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்.

அடடா! அது வந்தது பாருங்கள். பெட்டியைத் திறந்ததும் துள்ளுகிற மீனைப் போல வந்தது. மூன்று கிழமை அடக்கிய அத்தனையும், சொல்லாத பதில்கள், கேட்காத கேள்விகள், விழுங்கின கோபம் எல்லாம் மண்ணெண்ணெய் வரிசைப் பாட்டோடு சேர்ந்து வெளியே போயிற்று. பெடியன்கள் வட்டம் போட்டு ஓடி மோத ஆரம்பித்தார்கள். சம்மாட்டி அதைச் சண்டை என்று நினைத்து விலக்குப்பிடிக்க உள்ளே இறங்கினார். இரண்டு சுற்று அவர்களோடேயே ஓடி வெளியே வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. முதல் பாட்டு முடிந்து அரை விநாடி அமைதி வந்தது. அதற்குள் மாமியின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"தம்பி, மெல்லமா! தொண்டை போயிரும்!"

பெடியன்கள் அதையே கோஷமாக்கிவிட்டார்கள். தமிழ் தெரியாதவனும் "தம்பி மெல்லமா" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பில் இரண்டாம் பாட்டின் முதல் வரியே தவறிப்போனது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஊரே கரையில் நின்றது. எல்லோரும் ஏன் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போட்டுகள் வந்தன. எல்லாப் போட்டுக்கும் சேர்த்து இரண்டு பெட்டி முரல் மீன்தான். எல்லாக் கண்களும் என்மேல். களவெடுத்தவன் போல நின்றேன். காற்றுத் திரும்பியிருக்கிறது, மீனுக்கு அதுதான் கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சம்மாட்டி கிட்ட வந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, அந்தப் பாட்டு சனி ஞாயிறில மட்டும்தானே?"

"ஓம்" என்றேன்.

"அப்ப மற்ற நாளில கதைக்காம இருக்கலாம்தானே?"

செவ்வாய்க்கிழமை டொக்டர் அம்மா கமெரா விட்டுப் பார்த்து வீக்கம் கரைந்துவிட்டது என்றார். இனி ஏலம் கூறினால் திரும்ப வரும் என்றார். பாட வேண்டுமானால் கிழமை நாளில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி ஏற்கெனவே மீன் பெட்டிக்கு மேலே நின்று கூறுவதற்கென்று புதிதாக ஒரு சோடி சப்பாத்து வாங்கியிருந்தாள். டொக்டர், சம்மாட்டி, மனைவி மூன்று பேரும் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். நான் யாரோடு வாதாட?

அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளிவரை நான் கதைப்பதில்லை. அடுத்த நாள், புதன்கிழமை, கும்பளா மறுபடி வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் புதன்கிழமை அதைச் சொல்ல முடியாது. இத்தாலி விசா கேட்டவனுக்கு இன்னும் வரவில்லை, கண்டால் முறைக்கிறான். எங்களுக்கு அதற்குப் பிறகு ஒன்பது நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது.

இன்று காலை ஏலம் முடிந்து வந்த என் மனைவி கால் கழுவிக்கொண்டே சொன்னாள். "லொறிக்காரர் என்ன சொல்றாங்க தெரியுமா? நீங்க கூறின காலத்தில இவ்வளவு விலை போனதே இல்லையாம். உங்களுக்குப் பாட்டும் பெரிசா வராது, ஏலமும் வராது, கடவுள் வாயைத் தந்தது சாப்பிடத்தானாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன, ஒண்டும் சொல்லமாட்டீங்களோ?"

எவ்வளவு பதில் வந்தது எனக்கு! ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு நல்ல பதில்கள் எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை.

வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை பாட வேண்டும்.